பனியாறும் எரிமலையும் ஒரே நாளில்: ஐஸ்லாந்து ஹெலிகாப்டர் பயணம் பற்றி நெல்லையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பத்தோரு ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பனியாறு எப்படி நகர்கிறது, எரிமலை எப்படி வளர்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டே காலம் கழிந்தது. 2024 ஜூலையில் மகளோடு ஐஸ்லாந்துக்குச் சென்று, ஒரு நாள் முழுவதும் ஹெலிகாப்டரில் சுற்றி அவற்றை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வ.உ.சி. மைதானத்தில் காலை நடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், பழைய மாணவர்களின் தொலைபேசி அழைப்புகளிலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இதற்காக ஐஸ்லாந்து வரை போக வேண்டுமா? இமயமலையில் பனியாறு இல்லையா?

இருக்கிறது. கங்கோத்ரியும் சியாச்சினும் ஐஸ்லாந்தில் இருப்பவற்றுக்குச் சளைத்தவை அல்ல. எரிமலை வேண்டுமென்றால் அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. ஆனால் பனிக்கு அடியிலேயே எரிமலை உட்கார்ந்திருக்கும் காட்சி நம் நாட்டில் இல்லை. பூமியின் மேலோட்டுத் துண்டுகளான வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் விலகிச் செல்கின்ற பிளவின் மீது ஐஸ்லாந்து இருக்கிறது. அடியிலிருந்து கற்குழம்பு வந்துகொண்டே இருக்கிறது. மேலே நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு பனியாறு. நெருப்பும் பனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கத்தான் அங்கே போனேன்.

அளவு புரிய ஓர் ஒப்பீடு சொல்கிறேன். அந்த நாடு தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. மக்கள்தொகையோ ஏறத்தாழ நான்கு லட்சம்தான். 2011 கணக்கெடுப்பில் நம் திருநெல்வேலி மாநகராட்சியிலேயே 4.73 லட்சம் பேர் இருந்தார்கள்.

ஒரு நாள் பயணம் என்றால் நாள் முழுவதும் வானத்திலா?

இல்லை. தலைநகர் ரெய்க்யாவிக்கின் உள்ளூர் விமான நிலையத்திலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம், மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். வானில் இருந்தது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மற்ற நேரம் மூன்று இடங்களில் இறங்கி நடந்ததும், தென்கரையில் மதியச் சாப்பாடும். அரை மணி, முக்கால் மணிப் பயணங்களும் விற்கிறார்கள். அவற்றில் ஓர் எரிமலையையோ ஒரு பனியாற்றையோ பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள உறவைப் பார்க்க நேரம் போதாது.

மேலிருந்து அப்படி என்னதான் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

கிளம்பிய சிறிது நேரத்திலேயே திங்வெட்லிர் வந்துவிடும். கி.பி. 930-இல் அந்நாட்டு மக்கள் திறந்த வெளியில் கூடிப் பேரவை தொடங்கிய இடம் அது. தரையில் நின்றால் ஒரு பாறைச் சுவர்தான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது விரிசல்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏர் உழுத சால்கள்போல ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடுகின்றன. நிலம் இழுபடும் திசை கண்ணுக்கே தெரிகிறது.

அதற்கு வடக்கே இரண்டு மலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அன்றைய நாளின் பெரிய பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஒன்றின் பெயர் ஷால்ட்பிரைதுர், அகன்ற கேடயம் என்று பொருள். கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல மெல்லச் சரிந்து கிடக்கிறது. மற்றொன்று ஹ்லொதுஃபெட்ல். பக்கமெல்லாம் செங்குத்து, உச்சி தட்டை, ஒரு மேடைபோல. இரண்டையும் உண்டாக்கியது ஒரே வகைக் கற்குழம்புதான். பனியுகம் முடிந்த பிறகு திறந்த நிலத்தில் வழிந்தது தாம்பாளம் ஆயிற்று. பனியுகத்தில், தடித்த பனிக்கு அடியில் வெடித்தது, வழிய இடமில்லாமல் உருகிய குழிக்குள்ளேயே குவிந்து மேடை ஆயிற்று. அந்தப் பனி போய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மலையின் வடிவத்தில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கண்ணாடிச் சன்னலில் பார்த்தபோது பேச்சு வரவில்லை.

பிறகு லாங்யோகுட்ல். நாட்டின் இரண்டாவது பெரிய பனியாறு அது. யோகுட்ல் என்றால் அவர்கள் மொழியில் பனியாறு. அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஹெக்லா எரிமலை, அதைத் தாண்டி லாண்ட்மன்னாலோய்கர் குன்றுகள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் நிறமாகப் பாறை. கடைசியாக மிர்டால்ஸ்யோகுட்ல் பனிமூடி. அதன் அடியில் படுத்திருப்பது காட்லா எரிமலை. 1918-இல் அது வெடித்தபோது உருகிய நீர் பெருவெள்ளமாகக் கடலுக்குப் பாய்ந்தது. அது கொண்டுவந்த மண்ணால் கடற்கரையே முன்னால் தள்ளிப்போனது. இன்றும் அங்கே கறுப்பு மணல் பரந்து கிடக்கிறது. உவரிப் பக்கத்துத் தேரிக்காட்டைச் சிவப்புக்குப் பதில் கறுப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேல் சாம்பல் நிற ஆறுகள் பிரிந்தும் சேர்ந்தும் பின்னல்போல ஓடுகின்றன. எரிமலை, பனி, வெள்ளம், மணல், ஆறு என்று பாடநூலில் ஐந்து தலைப்பாக நடத்தியவை அங்கே ஒரே உடம்பாகத் தெரிந்தன. அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஹெலிகாப்டர். வேறு எதற்கும் அது அவசியமில்லை.

விமானங்களை எல்லாம் நிறுத்திய எரிமலை எது? அதைப் பார்த்தீர்களா?

ஏயாஃப்யாட்லாயோகுட்ல். 2010 ஏப்ரலில் வெடித்தது. பனி உருகிய நீரும் கற்குழம்பும் மோதியதில் சாம்பல் மிக நுண்ணிய துகளாகி உயரே போனது. ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. அதன் உச்சியைச் சுற்றிப் பறந்தோம். உயரம் சுமார் 1,650 மீட்டர். நம் பொதிகையின் அகத்தியர் மலை 1,868 மீட்டர், அதைவிட உயரம். ஒன்றில் பனி, மற்றொன்றில் மழைக்காடு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குள் இருக்கிறோம், அவர்கள் 63, 64 பாகையில் இருக்கிறார்கள். பாறையின் வயதிலும் அப்படித்தான் வேறுபாடு. ஐஸ்லாந்தின் மிகப் பழைய பாறைக்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். நம் தென்கோடி மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியே ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பனி நீலமாக இருக்குமாமே?

பனியாற்றின் பிளவுகளுக்குள் நீலம். மேலே புதுப் பனி வெள்ளைதான். ஆண்டுக்கணக்கில் அழுந்தி, காற்றுக் குமிழ்கள் நசுங்கிய பழைய பனிக்கட்டி ஒளியில் உள்ள சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை வெளியே விடுகிறது. இடையிடையே கறுப்புப் பட்டைகளும் தெரியும். பலரும் அழுக்கு என்று முகம் சுளிக்கிறார்கள். அவை பழைய வெடிப்புகளின் சாம்பல் அடுக்குகள். எந்தச் சாம்பல் எந்த ஆண்டினது என்று கண்டுபிடித்துப் பனியின் வயதையே கணக்கிடுகிறார்கள்.

எரிமலைக் குழம்பு ஓடுவதைப் பார்க்க முடியுமா?

அதற்கு உறுதி சொல்ல யாராலும் ஆகாது. தலைநகருக்குத் தென்மேற்கே ரெய்க்யானஸ் தீபகற்பத்தில் சுமார் 800 ஆண்டு அமைதிக்குப் பிறகு 2021 மார்ச்சில் நிலம் பிளந்தது. கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊருக்கு அருகில் மட்டும் 2023 டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை ஒன்பது முறை வெடிப்பு நடந்திருக்கிறது. நாங்கள் போன ஜூலையில் அது அடங்கியிருந்தது. கறுத்து உறைந்த பரப்பும், ஆங்காங்கே எழும் ஆவியும்தான் பார்த்தோம்.

அந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். நம் மாவட்டமும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் கிடந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் முழங்கால் அளவு தண்ணீர். அதே 18-ஆம் தேதி இரவுதான் கிரிண்டாவிக் அருகே முதல் பிளவு திறந்தது. ஊர் மக்களை அதற்கு ஐந்து வாரம் முன்பே, நவம்பர் 10 இரவில், வெளியேற்றியிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் குழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது. ஆளில்லாத அந்தத் தெருக்களின் மேல் நாங்கள் பறந்தபோது விமானி பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கேமராவைக் கீழே வைத்தேன். குழம்பு ஓடினால் நல்ல படம் கிடைக்கும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த வீடுகளையும் நினைக்க வேண்டும்.

பனியின் மேல் இறங்கினீர்களா?

இறங்கினோம், இருபது நிமிடம். விசிறி நின்ற பிறகு உள்ள அமைதியை எழுத எனக்குச் சொல் போதாது. காலடியில் எங்கோ நீர் ஓடும் ஓசை மட்டும். விமானி காட்டிய எல்லையைத் தாண்டி ஓர் அடியும் வைக்கக் கூடாது. மேலே மெல்லிய பனி மூடிய ஆழமான பிளவுகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் இறங்க அனுமதி கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கட்டுப்பாடு உண்டு, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை திடீரென வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேர் இறந்தார்கள். ஐஸ்லாந்தில் வானிலைத் துறை ஒவ்வோர் எரிமலையின் நிலையையும் விமானிகளுக்காகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கிறது. கிளம்பும் காலையில் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்பதற்குப் பூமி வாக்குக் கொடுத்துவிட்டது என்று பொருளல்ல.

ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பது சில விதிகள். விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகவே நெருங்க வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது, அங்கே சுழலும் சிறு விசிறி கண்ணில் படாது. சரிவில் நிற்கும்போது தாழ்ந்த பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். தொப்பி, துண்டு எதையும் காற்றில் விடக் கூடாது.

மேகம் வந்துவிட்டால்?

பயணம் ரத்து. எங்களுக்கே நடந்தது. முதல் நாள் காலை எல்லோரும் தயாராகி நிற்கிறோம். வெளியே வெயில்கூட அடிக்கிறது. விமானி வந்து, மலைப்பக்கம் மேகம் இறங்கிவிட்டது, இன்று போக முடியாது என்றார். கூட வந்த இளைஞர் ஒருவர், பாதி தூரமாவது போகலாமே என்று வாதாடினார். விமானி அசையவில்லை. இந்தப் பயணங்கள் கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறப்பவை. வெண்பனிக்கு மேல் வெண்மேகம் வந்தால் எது தரை எது வானம் என்றே பிரிக்க முடியாது. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த விமானியிடம்தான் நம் உயிரைக் கொடுக்கலாம். நாங்கள் மூன்றாம் நாள்தான் பறந்தோம்.

ஆகவே முன்பதிவை ஊரில் இறங்கிய மறுநாளே வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு மூன்று நாள் இடம் விடுங்கள். கடைசி நாளில் வைக்கவே வைக்காதீர்கள். ரத்தானால் பணம் திரும்பி வருமா, வேறு நாள் மட்டும்தானா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜூனில் இரவே சரியாக இருட்டுவதில்லை. டிசம்பரில் பகல் நான்கு மணி நேரம்தான்.

சேலை கட்டிக்கொண்டு ஏறலாமா?

எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். வேண்டாம். முந்தானை விசிறிக் காற்றில் பறக்கும், பனியில் கொசுவம் நனைந்து கால் விறைக்கும். நான் அறுபத்தொரு வயதில் முதன்முறையாகக் கால்சட்டை போட்டேன். உள்ளே கம்பளி, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு, கணுக்கால் வரை மூடும் காலணி. அங்கே குளிரைவிடக் காற்றுதான் கொடியது. கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள், பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஆடி வெயிலைவிடக் கண்ணைக் கூசும்.

எடையை ஏன் கேட்கிறார்கள்?

விமானியைத் தவிர ஐந்தாறு பேர் ஏறும் சிறு ஊர்தி அது. யார் எங்கே உட்காருவது என்பதை எடைச் சமநிலை பார்த்து விமானிதான் சொல்வார். சன்னல் இருக்கைக்குப் போட்டி போடும் பழக்கம் அங்கே செல்லாது. எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அது ஆறு பேரின் பாதுகாப்பு.

வயதானவர்கள், பிள்ளைகள் போகலாமா?

மூச்சுத் திணறும் உயரம் அல்ல, நம் மலையின் உயரம்தான். இருதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, கடுமையான தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறாதீர்கள். இரைச்சலுக்குக் காதில் மாட்டும் கருவி தருவார்கள், அதன் வழியே பேசிக்கொள்ளவும் முடியும்.

எவ்வளவு செலவாகும்?

குறுகிய பயணங்களுக்கு இருக்கைக் கணக்கு. எங்களுடையதைப் போன்ற நீண்ட பயணத்துக்கு ஊர்தி முழுவதையும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். மகளும் அவளுடைய நண்பர்களுமாக ஐந்து பேர் பகிர்ந்துகொண்டோம். என் பங்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் வேறு. என் பணிக்கொடையில் எடுத்து வைத்த பணம் அது. கடன் வாங்கிப் போகாதீர்கள்.

நெல்லையிலிருந்து எப்படிப் போவது? விசா?

ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு, ஷெங்கன் விசா போதும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை கொடுக்க விண்ணப்ப மையத்துக்கு நேரில் போக வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாற வேண்டும். வந்து இறங்கும் கெஃப்லாவிக் நிலையத்திலிருந்து ரெய்க்யாவிக் சுமார் 50 கி.மீ., பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். அந்த நாட்டில் ரயிலே இல்லை.

சாப்பாடு, அல்வா?

சைவர்களுக்கு ரொட்டி, சூப், தயிர் போன்ற ஸ்கீர் கிடைக்கும். நான் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனேன். வெளிநாட்டு இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அல்வாவில் நெய் இருக்கிறது, ஆகவே சுங்க விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

உருகிக்கொண்டிருக்கும் பனியின் மேல் எண்ணெயை எரித்துப் பறப்பது சரியா?

என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதற்காக மகிழ்ந்தேன், பதில் சொல்லச் சிரமப்பட்டேன். எங்கள் வகை ஹெலிகாப்டர் மணிக்கு ஏறத்தாழ 180 லிட்டர் எரிபொருள் குடிக்கும். இங்கிருந்து அங்கே போய்வரும் விமானக் கணக்கு தனி. ஐஸ்லாந்தில் ஓக் என்றொரு பனியாறு இருந்தது. நகரும் அளவுக்குத் தடிமன் இல்லை, இனி இது பனியாறே அல்ல என்று 2014-இல் அறிவித்துவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் அந்த இடத்தில் நினைவுத் தகடு ஒன்றைப் பதித்து, அன்றைய காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடின் அளவையும் அதில் பொறித்தார்கள். காற்றில் கலக்கும் அந்த வாயுவுக்கு நானும் பங்களித்திருக்கிறேன், மறுக்க முடியாது.

நான் வகுத்துக்கொண்டது இவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு முறை. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் வெறும் படத்துக்கும் வேண்டாம். பார்த்ததைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும். திரும்பி வந்தபின் இதுவரை பதினான்கு பள்ளிகளில் படம் காட்டிப் பேசியிருக்கிறேன். இது கணக்கைச் சரிசெய்துவிடாது என்று அவளிடமும் சொன்னேன்.

ஹெலிகாப்டருக்கு வசதி இல்லை. அப்படியானால் போவது வீணா?

ஒருநாளும் இல்லை. ரெய்க்யாவிக்கிலிருந்து பஸ்ஸில் சோல்ஹெய்மயோகுட்ல் வரை போய், வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் நடக்கலாம். பனியைக் கையால் தொட்டு, காலால் அறிய அதுவே நல்ல வழி. அந்தப் பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் அளந்து எழுதி வருகிறார்கள். முதலில் அளந்தபோது பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி கிடக்கிறது. ஓர் ஆசிரியராக எனக்கு ஹெலிகாப்டரைவிட அந்தப் பிள்ளைகள்மீதுதான் பொறாமை. நம் பிள்ளைகளும் தாமிரபரணிப் படித்துறையில் ஆண்டுதோறும் ஓர் அளவு எடுத்தால் என்ன என்று தலைமையாசிரியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் பொருநைக்கும், அதாவது தாமிரபரணிக்கும், பனிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இல்லை. இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து அந்த விமானியும் கேட்டார். ஏயாஃப்யாட்லாயோகுட்லைச் சுற்றும்போது, உங்கள் ஊர் மலை எவ்வளவு உயரம் என்றார். 1,868 மீட்டர் என்றேன். இதைவிட உயரமா, அப்படியானால் பனியாறு இருக்குமே என்றார். பனி ஒரு துளியும் விழாது, இரண்டு பருவமழைதான், ஆனால் எங்கள் ஆறு கோடையிலும் ஓடும் என்றேன். பனி இல்லாமல் கோடைக்குத் தண்ணீரை எது சேமித்து வைக்கிறது என்று கேட்டார். காடு என்றேன். அவர் ஆற்றைப் பனியோடு மட்டுமே பார்த்து வளர்ந்தவர், நம்பச் சற்று நேரம் ஆயிற்று. மதியம் சாப்பிட இறங்கியபோது, அந்த ஆற்றின் படம் இருக்கிறதா என்று அவராகவே வந்து கேட்டார். பாபநாசம் படித்துறையில் சித்திரை மாதம் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.